அம்மாவைக் கடல் இழுத்துக்கொண்டு போனது

மாமா தொலைபேசியில் அதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

மலேசியாவில், எங்கள் கிள்ளானில் அப்போது நல்ல மழை. பள்ளி முடிந்து, என் பிள்ளைகள் இருவரையும் காரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து சேகர் மாமா, "அம்மாடி, உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல. உங்கம்மாவ இந்த மாபலிபுரம் கடலு இழுத்துக்கினு பூடுச்சிம்மா" என்றார்.

"நல்லதுதான மாமா. ஆச தீர இருந்துட்டு வரட்டும்" என்று சிரித்தேன்.  மாமா "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சேகர் மாமா அம்மாவின் சித்தப்பா மகன். அம்மாவின் அப்பா அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து இளைஞராக மலாயாவுக்குக் கப்பலேறி ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய தம்பி குடும்பம் ஊரிலேயே தங்கிவிட்டது. மாமாவின் மகள் கல்யாணத்துக்காகத்தான் அம்மா முதல்முறையாக இந்தியா போனார். மூன்று வாரத்தில் திரும்ப வேண்டியவர், பயணத் தேதியை ஒருமுறை தள்ளிப்போட்டார். பிறகு இன்னொரு முறை. அழைக்கும்போதெல்லாம் "இன்னும் கொஞ்ச நாளு லா" என்பார், எங்கள் ஊர் 'லா' மாறாமல். குரலுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும்.

பள்ளி விடுமுறை வந்ததும் பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு நானே கிளம்பினேன். எனக்கு ஒரே ஒரு வேலைதான்: அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவது.

கூடுவாஞ்சேரியை ஊர் என்று சொல்வதா, நகரம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஒலி எழுப்புகின்றன. எங்கள் ஊரில் ஒலி எழுப்பினால் அது திட்டுவதற்குச் சமம். இங்கே அது "நான் வந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்வது மட்டும்தான் என்று மாமா விளக்கினார். அதன்பிறகு அந்தச் சத்தம் என்னை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீதா அத்தை இட்லியும் வடகறியும் செய்திருந்தார். பருப்பு வடையை உதிர்த்துப் போட்டுக் காரமாகக் கொதிக்க வைத்த ஒரு குழம்பு. கிள்ளானில் எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு இதை ஊற்றினால் கடை வாசலில் வரிசை நிற்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை இரண்டாவது கரண்டி ஊற்றும்போது, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நானும் கேக்கணும்னு இருந்தேன். பெத்த அம்மாவ கடல் இழுத்துக்கினு போச்சின்னு சொன்னா, ஒரு பொண்ணு சிரிப்பாளா?"

"கீதா, சும்மா இரு" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க. அன்னைக்கு ஃபோன வச்சிட்டு எப்படி உக்காந்துகினு இருந்தீங்கன்னு நான்தான பாத்தேன்."

நான் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "இழுத்துக்கிட்டு போச்சின்னா?" என்று கேட்டேன்.

மாமா என்னை விநோதமாகப் பார்த்தார். "இன்னாம்மா இது, தமிழ்லதான சொன்னேன்? இழுத்துக்கினு போச்சின்னா இழுத்துக்கினு போச்சி. அலை. தண்ணி. ஒரு பர்லாங்கு தூரம் கீது. நாங்கல்லாம் பஜ்ஜி துன்னுகினு இருக்கோம், திரும்பிப் பாத்தா அக்காவக் காணோம்."

கல்யாணத்துக்கு மறுவாரம் உறவினர் எல்லாரும் ஒரு வேனில் மாமல்லபுரம் போயிருக்கிறார்கள். கோயிலைப் பார்த்துவிட்டு, கூட்டம் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று சற்று வடக்கே ஒரு மீனவக் குப்பத்தின் கரையில் இறங்கியிருக்கிறார்கள். அம்மா முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறார். அங்கிருந்துதான் போயிருக்கிறார். ஒருவர் பலகையில் படுத்தபடி நீந்திப் போய்க் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

"உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு என் தலைமேல கைய வச்சி சத்தியம் வாங்கிக்கினாங்க. எனுக்கு மனசு கேக்கல. சொன்னேன். நீ சிரிச்சியா, சரி, இவளுக்கு முன்னாடியே தெரியும் போலன்னு வச்சிட்டேன்."

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 'உள்ளத்தைக் கொள்ளை கொண்டது', 'மனத்தைப் பறிகொடுத்தான்' என்று பிள்ளைகளை வாக்கியம் அமைக்கச் சொல்பவள். கடல் ஒருவரை இழுத்தது என்றால் எனக்கு அதன் அழகுதான் முதலில் தோன்றியிருக்கிறது. தண்ணீர் தோன்றவேயில்லை. அந்தச் சாப்பாட்டு மேசையில் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"அதுக்கப்புறம்தான் கூத்தே" என்றார் அத்தை. "அங்க நாஸ்தா கடை வச்சிருக்கற ஒரு பொம்பள வூட்ல போய் தங்கிக்கினு கீறாங்க. சொந்தம்னு நாங்க இத்தன பேர் இருக்கும்போது. அவங்க நம்ம ஆளுங்ககூட கெடையாது."

அந்த வாக்கியம் மட்டும் எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. 

மறுநாள் காலை மாமா என்னை ரயிலில் ஏற்றிவிட்டார். செங்கல்பட்டில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். "கடைசி ஸ்டேஷன், மறக்கவே முடியாது" என்றார். மறந்து போக எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. கதவருகே நின்றிருந்தேன். மறைமலை நகர் வந்ததும் தொழிற்சாலைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் ஒரே உடம்பாக எழுந்தது. என் கால் தரையில் பட்டதாக நினைவில்லை. நான் நடைமேடையில் நின்றேன். என் இடது கால் செருப்பு ரயிலோடு போய்விட்டது.

அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயோ, இவங்கள அடிச்சிக்கினு வந்துட்டோம்டி" என்றாள் ஒருத்தி. "எறங்கணுமாக்கா?" என்றாள் மற்றவள். இல்லை என்றேன். இரண்டு பேரும் வாய் பொத்திச் சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்து அடுத்த ரயில் நிற்கிற இடத்தில் பத்திரமாக நிறுத்திவிட்டு ஓடினார்கள். நான் ஒற்றைச் செருப்போடு செங்கல்பட்டு போய்ச் சேர்ந்து, நிலையத்துக்கு வெளியே ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டேன். கோலாலம்பூரில் ரயில் கூட்டம் உண்டு. ஆனால் அங்கே எல்லாரும் ஒருவரை ஒருவர் தொடாமல் நசுக்கிக்கொள்வார்கள். இங்கே முழுதாகத் தொட்டு, தூக்கி, பிறகு அக்கா என்கிறார்கள்.

பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு வடநாட்டு இளைஞர் சத்தமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் இருந்த அம்மாள் மும்பையில் பல வருடம் இருந்தவராம். கேட்காமலே மொழிபெயர்த்தார்: "பொண்டாட்டிகிட்ட பேசறான். ஓட்டல்ல வேல செய்யறானாம். ஜன்னலத் தெறந்தா கடலாம். வந்ததுலேர்ந்து ஒரு நாளுகூட கால நனைக்கலன்னு சொல்றான். அவ நம்பமாட்டேங்கறா போல." திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

அம்மாவைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. குப்பத்துக்குள் போகிற மணல் சந்தின் முனையில் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு கடை. மேலே பலகையில் புதுச் சாயத்தில் 'மலேசியா நாஸ்தா' என்று எழுதியிருந்தது.

அம்மா நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வாழையிலையில் சோறு அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்துப்போயிருந்தார். எப்போதும் முழங்கால் வலிக்கிறது என்று சுவரைப் பிடித்து நடப்பவர், ஒரு காலால் அடுப்புப் பக்கம் முக்காலியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"வந்துட்டியா? பசியாறிட்டியா?" என்றார், பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவளைக் கேட்பதைப் போல. "அந்த நெத்திலித் தட்ட எடு. ஆளு நிக்கிறாங்க பாரு."

நான் தட்டை எடுத்துக் கொடுத்தேன். அழ வேண்டும் என்று பேருந்தில் முடிவு செய்து வைத்திருந்தேன். கையில் நெத்திலித் தட்டோடு அழ முடியவில்லை.

தேங்காய்ப்பால் சோறு, மிளகாய் அரைத்து வதக்கிய சம்பல், வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, பாதி முட்டை. வீட்டு நாசி லெமாக்கின் அதே வாசனை. சோற்றுக்கு வாசம் தரும் பாண்டான் இலை எங்கே கிடைத்தது என்று கேட்டேன். படூரில் ஒரு அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் ஒருவர் வளர்க்கிறாராம். அம்மா வாரம் ஒருமுறை பேருந்து ஏறிப் போய் வாங்கி வருகிறாராம். கிள்ளானில் பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போக என் காருக்காகக் காத்திருப்பவர்.

கடைக்காரர் ஸ்டெல்லா அப்போதுதான் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து, புது ரப்பர் செருப்பில் கண்ணை நிறுத்தினார்.

"கூட்டிக்கினு போவ வந்துட்டீங்களா?"

"பாத்துட்டுப் போகத்தான்" என்றேன். பொய்.

"பாருங்க" என்று குடத்தை இறக்கினார். "உங்க மாமா வூட்ல எங்களப் பத்தி இன்னா சொன்னாங்க?"

"நல்லா பாத்துக்கிறீங்கன்னு சொன்னாங்க."

ஸ்டெல்லா சிரித்தார். "நீங்களும் உங்கம்மா மாதிரியே நல்லா பொய் சொல்றீங்க."

ஸ்டெல்லாவின் பெற்றோர் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர் பக்கத்து விடுதியொன்றில் அறை துடைக்கிற வேலையில் பல வருடம் இருந்துவிட்டு இந்தக் கடையைப் போட்டிருக்கிறார். கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். அம்மாவைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்தபோது முதலில் கிடத்தியது இந்தக் கடை பெஞ்சில்தான்.

"மூக்குல வாயில தண்ணி" என்றார் ஸ்டெல்லா. "நான் என் நைட்டிய குடுத்து, சுக்கு டீ போட்டு குடுத்து, நல்லா திட்டனேன். அறிவிருக்கா உனுக்கு, இந்த வயசுல இன்னா கடல் குளியல்னு. உங்கம்மா சிரிக்கிறாங்க. இது இன்னாடா பேஜாரா போச்சின்னு ஆயிடுச்சி."

இரண்டு நாள் கழித்து அம்மா அந்த நைட்டியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு, தனியாகப் பேருந்து மாறி வந்திருக்கிறார். கடையில் கூட்டமாக இருந்ததால் உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறார். அடுத்த வாரமும் வந்திருக்கிறார். பிறகு போகவில்லை.

நானும் ஸ்டெல்லா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை முருகவேலைப் பார்த்தேன். சுற்றுலாக்காரர்களுக்கு அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கிறவர், முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அம்மாவைக் கொண்டுவந்தவர் அவர்தான். நன்றி சொல்ல வேண்டும் என்று போனேன்.  நான் வாயெடுக்கும் முன்பே அவர் கடலைக் காட்டினார்.

"அங்க பாருங்க, அலை ஒடையாம ஒரு எடம் அமைதியா கீது பாருங்க. எல்லாரும் அதப் பாத்துதான் ஏமாறுவாங்க. அங்கதான் இழுப்பு. வெள்ளக்காரங்க ரிப்புன்னுவாங்க. கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அது வழியாதான் திரும்பிப் போவும். உங்கம்மாவும் அமைதியா கீதேன்னுதான் அங்க நின்னாங்க."

"ரொம்ப பயந்துட்டாங்களா?"

முருகவேல் தலையைச் சொறிந்தார். "அதான் எனுக்கு இன்னும் புரியல. மத்தவங்க கத்துவாங்க, கைய ஆட்டுவாங்க, கிட்ட போனா நம்ம கழுத்தப் புடிச்சி அமுக்குவாங்க. இவங்க மல்லாந்து படுத்துகினு வானத்தப் பாத்துகினு கீறாங்க. ஆளு பூட்டாங்கன்னே நெனைச்சேன். கிட்ட போறேன், 'தம்பி, இது எது வரைக்கும் போவும்?'னு கேக்கறாங்க."

 பக்கத்தில் ஒரு ஆந்திரக் குடும்பம் தண்ணீரில் இறங்கத் தயங்கி நின்றது. மனைவி இன்னும் இரண்டடி போகலாம் என்று விரலால் காட்டித் தெலுங்கில் கெஞ்ச, கணவர் அவர் சேலைத் தலைப்பைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "இப்போது போ" என்பதைப்போலத் தலையசைத்தார். முருகவேல் அவர்களை நோக்கிக் கையைத் தட்டி, வேறு பக்கம் போகச் சொன்னார்.

சாயங்காலம் கடை மூடியதும் அம்மாவும் ஸ்டெல்லாவும் என்னை மணலில் கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போனார்கள். அங்கே நான்கைந்து சிமென்ட் படிகள் மட்டும் நின்றன. படிகளுக்கு மேலே வீடு இல்லை. நேரே கடல்.

"நான் கல்யாணம் ஆயி வந்த வூடு" என்றார் ஸ்டெல்லா.

"புயல்ல போச்சா?"

"புயல்ல போனா டிவில காட்டுவாங்க. இது கொஞ்சம் கொஞ்சமா துன்னுச்சி. மொதல்ல தென்னமரம். அப்பறம் பாத்ரூம். பக்கத்து ஊர்ல அலையத் தடுக்க கல்லு கொட்டனாங்க, அங்க அடிக்க வேண்டியது இங்க வந்து அடிச்சிது. ஒருநாள் சோறு வடிச்சிகினு இருக்கேன், அடுப்பங்கரை செவுரு விரிஞ்சி வெளிச்சம் வருது. பானையத் தூக்கிக்கினு வெளிய வந்துட்டேன். உங்கம்மாவ அஞ்சு நிமிஷத்துல இழுத்துகினு போச்சி. எங்கள இழுக்க ரெண்டு வருஷம் எடுத்துக்கிச்சி." சொல்லிவிட்டு, வேனுக்கு டீசல் பிடிக்கப் போன கணவர் வருகிற நேரம் என்று எழுந்து போனார். போகும்போது என்னைப் பார்த்து, "உங்கம்மா போயிட்டா எனுக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. விசா முடிஞ்சா போய்த்தான ஆவணும்" என்றார். நான் அதை அவரிடம் கேட்கவேயில்லை.

நானும் அம்மாவும் படியில் உட்கார்ந்தோம்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னா செஞ்சிருப்ப? அடுத்த பிளேன்ல ஏறி வந்திருப்ப லா. கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுத்து, வீட்ல உக்கார வச்சிருப்ப."

"அது தப்பா?"

"தப்பில்ல. ஆனா எனக்கு அத கொஞ்ச நாளு தனியா வச்சிருக்கணும்னு இருந்துச்சி. எல்லாருகிட்டயும் சொல்லிட்டா அது எல்லாரோடதும் ஆயிடும். நீ அழுவ, உன் தம்பி திட்டுவான், அப்பறம் அது உங்க கதையாயிடும்."

"நீங்க செத்திருப்பீங்கம்மா."

"ஆமா" என்றார் அம்மா.

அலை வந்து கடைசிப் படியை நனைத்துவிட்டுப் போனது. அம்மா பாதத்தை எடுக்கவில்லை.

"மொதல்ல காலுக்குக் கீழ மண்ணு போச்சி. கத்தனேன், யாருக்கும் கேக்கல. அப்பறம் கைகால் ஓஞ்சி போச்சி, அதான் மல்லாந்துட்டேன். தெரிஞ்சி செய்யல. படுத்ததும் என்னா யோசிச்சேன் தெரியுமா? அடுப்ப நிறுத்தனேனா இல்லியான்னு. அப்பறம் அது சேகர் வீட்டு அடுப்பு, என்னுது இல்லன்னு ஞாபகம் வந்துச்சி. அதுக்கப்பறம் யோசிக்க ஒண்ணுமே இல்ல. காதுல தண்ணி. வானம் மட்டும் இருக்கு. இது எங்கதான் கொண்டு போவுதுன்னு பாக்கலாம்னு இருந்துச்சி."

அம்மா பதினான்கு வயதில் ரப்பர் வெட்டப் போனவர். பிறகு கையுறைத் தொழிற்சாலையில் மாற்றி மாற்றி ஷிப்டு. ஓய்வு பெற்ற வாரமே என் மூத்தவன் பிறந்தான், பிறகு சின்னவள். அப்பா போன துக்கத்துக்குக்கூட அம்மா முழுதாக உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. அன்றும் சின்னவளுக்குப் பால் கலக்க எழுந்தார். நான் இதையெல்லாம் அறிந்தவள்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

"புள்ளைங்க தேடுறாங்கம்மா. சின்னவ உங்க தலகாணியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு தூங்குறா."

அம்மாவின் முகம் மாறியது.  "தேடட்டும். நானும்தான் தேடுறேன். தேடுறதுல என்னா தப்பு? தேடறதுக்கு யாரும் இல்லாம இருக்கறதுதான் தப்பு" என்றார். "உனக்கு ஆளு வேணும்னு கூப்புடுறியா, அம்மா வேணும்னு கூப்புடுறியா?"

 இரண்டும்தான் என்றேன். அம்மா தலையாட்டினார். பொய் சொல்லாமல் விட்டதற்காக இருக்கலாம்.

மறுநாள் விடியலில் அம்மா என்னை எழுப்பினார். கடலுக்குப் போகிறோம் என்றார். கரையில் முருகவேல் நின்றிருந்தார். அம்மா தினமும் விடியலில் அவரிடம் நீந்தப் பழகுகிறாராம். யாரும் சொல்லாத இன்னொரு செய்தி. நைட்டியின் மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மா தண்ணீருக்குள் இறங்கினார்.

"வாடி" என்றார்.

இடுப்பளவு தண்ணீர் வரை போனேன். நான் நினைத்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. மல்லாந்து படுக்கச் சொன்னார். படுத்தேன், கால் மூழ்கியது, உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. இரண்டாவது முறையும் அதேதான். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். முருகவேல், "கழுத்த வெறப்பா வச்சிகினு இருந்தா எப்டி மெதப்பீங்க? கீழ இன்னா கீதுன்னு பாக்காதீங்க, மேல பாருங்க" என்றார்.

அப்புறம் ஒருமுறை, எப்படி என்று தெரியாமல், மிதந்தேன். காதுக்குள் தண்ணீர் நுழைந்ததும் உலகத்தின் சத்தம் மொத்தமும் நின்றது. என் மூச்சு மட்டும் எங்கிருந்தோ கேட்டது. வெளுத்துக்கொண்டு வரும் வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை. அதற்குப் பெயர் சொல்லவோ, அதைப் பற்றி வாக்கியம் அமைக்கவோ எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அலை ஒன்று முகத்தில் அடித்து என்னை எழுப்பியது.

எழுந்து பார்த்தபோது அம்மா பக்கத்தில் இல்லை. தூரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா!" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"காது தண்ணில கீது, கேக்காது" என்றார் முருகவேல், நெஞ்சளவு தண்ணீரில் பலகையைப் பிடித்தபடி. "பயப்படாதீங்க, இந்தப் பக்கம் இழுப்பு இல்ல. நான் பாத்துகினுதான் கீறேன். வேணும்னா போய்க் கூட்டியாரட்டா?"

வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை இரண்டும் அகலமாக விரிந்திருந்தன. கிள்ளான் வீட்டில் அம்மா ஒருக்களித்து, கைகளை மடித்து, பிள்ளைகளுக்கு இடம் விட்டுத்தான் படுப்பார்.

"வேணாம். அவங்களே வரட்டும்" என்றேன்.

சூரியன் முழுதாக மேலே வரும்வரை நான் அங்கேயே நின்றேன். அம்மா ஒரு நேரத்தில் குப்புறத் திரும்பி, நாய் நீந்துவதைப்போலக் கைகளைத் துழாவிக்கொண்டு கரைக்கு வந்தார். அழகாக இல்லை. மூச்சு வாங்கியது. வந்தவர் முதலில் கேட்டது, அரிசி ஊறப் போட்டாயிற்றா என்று, கரைக்கு வந்து நின்ற ஸ்டெல்லாவிடம்தான்.

இரண்டு நாள் கழித்து நான் தனியாகக் கிளம்பினேன். கிளம்புவதற்கு முன்னால் கடை பெஞ்சில் உட்கார்ந்து அம்மா தன் முடிவைச் சொன்னார். ஸ்டெல்லா கேட்காதவரைப்போலப் பக்கத்தில் ஒரே குண்டானைத் திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருந்தார்.

"விசா முடியற அன்னைக்கு வந்துடுவேன். அடுத்த வருசம் இந்த மாசத்துல இங்க திரும்பி வருவேன். நடுவுல அங்க இருக்கும்போது, சனி ஞாயிறு புள்ளைங்கள நீயே பாத்துக்க. நான் நீச்சல் கொளத்துக்குப் போவணும்."

"சனிக்கிழமை எனக்கு ஸ்கூல்ல விளையாட்டுப் பயிற்சி இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் போங்களேன்."

"சனி ஞாயிறு" என்றார் அம்மா.

"பொம்பள முடிவு பண்ணிட்டாங்க, விடும்மா" என்றார் ஸ்டெல்லா குண்டானுக்குள் பார்த்தபடி. விளக்குவதை நிறுத்தியிருந்தார். அடுத்த வருடம் என்ற சொல் அவருக்கும் அப்போதுதான் முதல்முறையாகக் காதில் விழுந்திருக்க வேண்டும்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது.

மாமல்லபுரம் நிறுத்தத்தில் இருவரும் என்னை ஏற்றிவிட வந்தார்கள். வழி நெடுக சம்பலுக்கு வெல்லம் போடலாமா கூடாதா என்று சண்டை. போடக்கூடாது என்று அம்மா. இங்கே வருகிறவர்களுக்கு அந்தக் காரம் தாங்கவில்லை, கொஞ்சம் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஸ்டெல்லா. பேருந்து வந்ததும் அம்மா என் நெற்றியில் கையை வைத்து, கன்னத்தைத் தட்டி, "சின்னவளுக்கு தலகாணி உறைய மாத்து" என்றார். ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். கையாட்டலாம் என்று கண்ணாடியைத் தள்ளித் திறந்தேன்.

நடத்துநர் இன்னும் விசில் ஊதவில்லை. ஓட்டுநர் இருக்கையில்கூட உட்காரவில்லை. அதற்குள் அம்மா திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். ஸ்டெல்லாவின் முன்னால் ஒரு விரலை நீட்டி எதையோ அழுத்திச் சொல்லிக்கொண்டு, முழங்கால் வலியே இல்லாதவரைப்போல, வேகவேகமாக.

நான் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே இருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.